பெரியப்பாவுக்குக் கொள்ளி

என் பெரியப்பாவின் ஒரே மகனைக் கொன்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர் என்மேல் கொஞ்சம் இரக்கம் வைத்த பிறகு சொன்னால் அது இன்னொரு ஏமாற்று.

தாம்பரத்திலிருந்து படப்பை போகும் சாலையில் எங்கள் ஊர். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த இடம். மனை போடுகிறவர்கள் வந்து விலை கேட்க ஆரம்பித்ததும் வரப்புக்கு இரு புறமும் சண்டை வந்தது. பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தது. அப்பாவும் பெரியப்பாவும் வாயால் பாகம் பிரித்து உழுதுகொண்டிருந்தவர்கள். அப்பா போன பிறகு ஒருநாள், பெரியப்பா மகனான அண்ணன் வரப்பை நம் பக்கம் தள்ளி வெட்டிவிட்டான் என்று என் தம்பி ஓடிவந்து சொன்னான். நான் எம்.ஏ. படித்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். அளப்பவரைக் கூப்பிட்டு அளந்திருக்கலாம். நேரே வயலுக்குப் போனேன்.

"வாத்யாரே, வரப்பு எங்க கீதுன்னு உனக்கு இன்னா தெரியும்? என்னிக்காவது சேத்துல கால் வெச்சிருக்கியா?" என்றார் அண்ணன். நடவுக்கு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். என் கைக்கு எட்டியது மண்வெட்டி. காம்பால்தான் அடித்தேன் என்று நீதிமன்றத்தில் சொன்னேன். காம்பால் இல்லை.

ஆயுள் தண்டனை. சில ஆண்டுகள் கழித்து, எண்பதுகளின் நடுவில், முதல்முறையாகப் பரோல் கிடைத்தது. இரண்டு வாரத்துக்கும் குறைவான நாட்கள். தம்பிதான் ஓடியாடி மனுப்போட்டு, ஜாமீன் கையெழுத்தும் போட்டிருந்தான். நான் அவனை வணங்காத குறையாக வணங்கினேன்.

வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து தாம்பரத்தில் இறங்கியபோது சாலையைக் கடக்கத் தெரியாமல் நின்றேன். வண்டிகளுக்குப் பயந்து அல்ல. உள்ளே எங்கும் இரண்டிரண்டு பேராகத்தான் எங்களை உட்கார வைப்பார்கள், எழுப்புவார்கள், எண்ணுவார்கள். பக்கத்தில் ஜோடி இல்லாமல் அடி எடுத்து வைக்கக் கால் மறுத்தது. தம்பி திரும்பி வந்து, "இன்னாண்ணா, இங்கியே நின்னுகினு," என்று கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

முதலில் காவல் நிலையம். தினமும் காலையில் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். ஏட்டு நடுவயதுக்காரர், வெற்றிலை போடுகிறவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிச்சவன் மாதிரி கீற."

"ஆமாம் சார்."

"படிச்சு இன்னா பிரயோஜனம். கேளு. செத்தவன் வூட்டுப் பக்கம் தலை வெச்சிப் படுக்கக் கூடாது. ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, அன்னிக்கே வண்டி ஏத்திடுவேன். புரியுதா?"

தலையாட்டினேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"உன்ன வுடலாமா வேணாமான்னு அந்த வூட்ல விசாரிக்கப் போனேன். மருமகப் பொண்ணு கதவைச் சாத்திக்கிச்சு. கெழவன்தான் பேசினான். 'வரட்டும் சார், அவனாண்ட எனக்கு ஒரு வேலை கீது'ன்னான். இன்னா வேலைன்னு கேட்டேன். சொல்லலை. எதுக்கும் ஜாக்கிரதையா இரு."

அந்த வார்த்தையோடு பம்மலுக்குப் போனேன். ஊரில் இருக்க முடியாமல் என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பம்மலில் ஓர் ஒண்டுக் குடித்தனத்துக்கு வந்திருந்தாள். தோல் பதனிடும் இடங்களின் நாற்றம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. வீட்டுக்காரரிடம் நான் வடக்கே எங்கோ வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். மகள் என்னைப் பார்த்ததும் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போனாள். அன்று மாலை வீட்டுக்காரர் வந்து, "சார், வடக்க எந்த ஊரு? நம்ம மச்சான் கூட நாக்பூர்லதான்," என்று உட்கார்ந்தார். நான் சட்டென்று எழுந்து நின்றேன். அதிகாரம் உள்ள எவர் வந்தாலும் எழுந்து நிற்கும் பழக்கம். அவர் திகைத்தார். மனைவி காபியோடு வந்து பேச்சை மாற்றினாள்.

ஏட்டு சொன்னதை அவளிடம் சொன்னேன். "ஆள் வெச்சிருப்பாரா?" என்று கேட்டாள். நானும் அதையேதான் நினைத்தேன். மறுநாள் பஸ்ஸில் பின்னால் நின்றவன் நெருங்கியபோதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பயம் எனக்கு நியாயமாகவே பட்டது, அதனால் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று நான்கு நாட்கள் கழித்து ஏட்டே கூப்பிட்டுச் சொன்னார்: "கெழவன் படுத்த படுக்கையா கீறானாம். உன்னப் பாக்கணும்னு சொல்லி அனுப்பிகீறான். பகல்ல போ, தம்பியக் கூட்டிகினு போ, நின்னு பேசிட்டு உடனே வந்துடு. எனக்குத் தெரிஞ்சுதான் போற. ஏடாகூடமா ஆச்சுன்னா எனக்குத் தெரியாது."

பெரியப்பா கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். மீசை மட்டும் பழையபடி இருந்தது. உடம்பு சுருங்கி வேட்டிக்குள் இருப்பதே தெரியவில்லை. அண்ணி சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு காலத்தில் எனக்கு அந்தக் கூடத்தில் இலை போட்டுப் பரிமாறியவள். அவள் மகள் உள்ளே எங்கோ இருந்தாள், காட்டவில்லை.

"உக்காரு," என்றார் பெரியப்பா. நான் உட்காரவில்லை.

"எனக்குக் கொள்ளி வெக்க வேண்டியவனுக்கு நான் வெச்சேன். ஊர்ல எவனுக்கும் அப்படி வரலை. இப்ப எனக்கு யாரு வெப்பா?"

அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து என் பக்கம் திரும்பினார்.

"நீதான் வெக்கணும். அது அவன் வேலை. அவன நீ எடுத்துட்ட. வேல நின்னு போச்சு. நீயே செய்." மூச்சு வாங்கினார். "மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. அதெல்லாம் இல்ல."

நான் அழுதேன். சிறையில் அழாத அழுகை. தண்டனை என்று ஒன்று உண்மையாகவே கிடைத்தது அன்றைக்குத்தான் என்று தோன்றியது. அது தண்டனையா வரமா என்றுகூடப் பிரித்துப் பார்க்க முடியாத நிலையில் இருந்தேன். தரையில் விழுந்து கும்பிட்டு, "செய்யறேன் பெரியப்பா," என்றேன்.

நாங்கள் படியிறங்கும்போது கதவு பின்னால் சாத்தப்பட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் நான் எவரிடமும் சொல்லாதது. பரோல் நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. பெரியப்பா கிடந்தார். கஞ்சி இறங்கவில்லை என்று ஒருநாள் செய்தி வந்தது, மறுநாள் இரண்டு வாய் குடித்தார் என்று வந்தது. குடித்தார் என்று கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் உள்ளே திரும்புவதற்குள் அவர் இறக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். என் பாவத்தைக் கழுவிக்கொள்ள அவர் நேரத்துக்குச் சாக வேண்டும். மகனைக் கொன்றவன் தகப்பனின் சாவுக்கும் அவசரப்பட்டேன். மனைவி சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது எதை வேண்டுகிறாள் என்று நான் கேட்கவில்லை. நான் வேண்டியது எனக்குத் தெரியும்.

தம்பி தினமும் பம்மலுக்கு வந்தான். அவன் முகத்தில் ஒரு தெளிச்சி. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "புரோக்கர் காத்துகினு கீறான்," என்றான்.

"எதுக்கு?"

"இன்னாண்ணா புரியாத மாதிரி கேக்குற. கொள்ளி வெச்சவனுக்குத்தான் பாத்தியம். பட்டா தாத்தா பேர்ல கீது. ஆம்பளப் புள்ள இல்லாத வூடு. கெழவனே ஊரறிய உன்ன வெக்கச் சொல்லிட்டான். பங்காளிங்க யாரு மறுப்பாங்க? நீ உள்ள போயிடுவ. உன் பேருக்கு நான் பாத்துக்கறேன்."

சோறு கையில் நின்றது. "அதுக்குத்தான் என்னை வெளிய எடுத்தியா?"

"பின்ன, உன் மொகத்தைப் பாக்கவா? கெழவன் நெனப்பு இன்னான்னு எனக்கு முன்னாடியே தெரியும்." என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உனக்கும் பொண்ணு கீதுண்ணா," என்று குரலைத் தாழ்த்தினான்.

சட்டம் அண்ணியின் பக்கம் என்று எனக்குத் தெரியும். சிறையில் சட்டப் புத்தகங்கள்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பட்டா பிரியாத நிலத்தில் சட்டம் பேச அவளுக்கு ஆளில்லை. பங்காளிகள் கூடிச் சொல்வதைத்தான் மனை வாங்க வருகிறவன் கேட்பான். அந்த நிலத்தை விட்டால் அவளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் வேறு எதுவும் கிடையாது. எந்த நிலத்துக்காக அவள் புருஷனைக் கொன்றேனோ, அந்த நிலமே, நான் பிராயச்சித்தம் என்று நினைத்துக் கையில் ஏந்தப்போகும் நெருப்போடு என் வீட்டுக்கு வந்து சேரப்போகிறது. கட்டில் பக்கத்தில் விழுந்து அழுதபோது இது எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்தது நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு.

மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது எதிரே டீக்கடைக்குப் பக்கத்தில் அண்ணி நின்றிருந்தாள். நான் தினமும் அங்கே வருவது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளே சாலையைக் கடந்து வந்தாள். 'தம்பி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், எதுவும் சொல்லி அழைக்காமல் பேசினாள்.

"நீ வெக்கக் கூடாது."

"வெக்கலை அண்ணி. தம்பி நெனப்பு இன்னான்னு நேத்துதான் தெரிஞ்சுது."

"நீ வெக்கலைன்னா அவன் வெப்பான். அடுத்த பங்காளி அவன்தான். அது இன்னும் கேடு." அவள் எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தாள். "மாமா வேற உன் கையாலதான்னு சொல்லிட்டாரு. அந்த வார்த்தைய நான் எப்படித் தள்றது? பெத்த பொண்ணு மாதிரிப் பாத்துகினாரு."

"கற்பூரம் ஏத்தி அணைச்சு சத்தியம் பண்றேன். எனக்கு அந்த நெலத்துல ஒரு பிடி மண்ணு வேணாம்னு."

அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். "உன் சத்தியத்தைத்தான் கோர்ட்ல பாத்தேனே. காம்பால அடிச்சேன்னு சொன்ன. குளிப்பாட்டினது நானு."

அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். டீக்கடைக்காரர், "சார், டீ ஆறுது," என்று கூப்பிட்டார். நான் டீ கேட்டிருந்ததே நினைவில்லை.

நான் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் விடியற்காலையில் பெரியப்பா இறந்தார். ஆள் பம்மலுக்கு வந்து சொன்னபோது எனக்குள் நிம்மதி எழுந்ததை மறைக்கப் போவதில்லை. உடனே பயம். கையெழுத்துப் போடாமல் ஊருக்குப் போக முடியாது. நிலையத்தில் ஏட்டு வரவில்லை. மற்றவர்களுக்கு என் விஷயம் தெரியவில்லை, உட்காரச் சொன்னார்கள். தம்பி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏட்டு வந்ததும், "போயிட்டாரா?" என்று கேட்டார். பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "நாளைக்கு சாயங்காலம் ஜெயில் கேட்டுக்குள்ள இருக்கணும். கருமாதி, காரியம்னு இழுத்த, உன்ன மட்டும் இல்ல, என்னையும் கேப்பாங்க."

ஊருக்குள் நுழையும்போதே பறைச் சத்தம் கேட்டது. பந்தல் போட்டிருந்தார்கள். பெரியப்பாவை வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். என்னைக் கண்டதும் அழுகை ஒரு கணம் நின்று, பிறகு வேறு சுரத்தில் எழுந்தது. பங்காளிகளில் மூத்தவர், எண்பதைத் தாண்டியவர், பாயில் உட்கார்ந்திருந்தார். தம்பி நாவிதரை எனக்காக நிறுத்தி வைத்திருந்தான்.

"வந்துட்டான். மொதல்ல செரைச்சிட்டு வா, தண்ணி எடுக்கணும்," என்றார் மூத்தவர்.

அப்போது அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். ஒரு கையில் முறத்தில் அரிசி, மறு கையில் படி. வாய்க்கரிசிக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"வெக்கப் போறது யாரு மாமா?" என்று மூத்தவரைக் கேட்டாள்.

"ஊருக்கே தெரியுமே. உன் மாமனார் சொல்லிட்டுப் போன வார்த்தை."

"வெக்கட்டும். பங்காளியா வேணாம். கூலிக்கு வெக்கட்டும்."

எங்கள் ஊரில் நாதியில்லாத யாராவது செத்தால், தெருவில் ஒருவனுக்கு ஒரு படி அரிசி அளந்து கொடுத்துக் கொள்ளி வைக்கச் சொல்வார்கள். அரிசி வாங்கியவனுக்குத் தீட்டு இல்லை, மொட்டை இல்லை, கருமாதி இல்லை. வேலை முடிந்ததும் அந்த வீட்டைத் திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும். பாத்தியம் என்ற பேச்சே கிடையாது. நிலமுள்ள எங்கள் வீடுகளில் எவனும் அந்த அரிசியை வாங்கியதில்லை. வாங்க நினைத்துப் பார்த்ததும் இல்லை.

தம்பி பாய்ந்து வந்தான். "இன்னா பேசறீங்க அண்ணி? நம்ம வம்சத்துல கூலி வாங்கறதா? பெரியப்பன் இன்னா அநாதையா?"

"அநாதையா ஆக்கினது யாரு?"

மூத்தவர் கையை உயர்த்தினார். "ஏம்மா. என்ன இருந்தாலும் ஒரே ரத்தம்..."

"ரத்தத்தைப் பத்தி இவங்கள வெச்சிகினு பேசாதீங்க மாமா."

பறை அடிப்பவர்கள் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி என் காதருகே வந்து, "வாங்கின, அடுத்த வாட்டி ஜாமீன் போட ஆள் கெடைக்காது. உள்ளயே கெடப்ப," என்றான். அது வெறும் மிரட்டல் இல்லை. வேறு யார் எனக்குக் கையெழுத்துப் போடப் போகிறார்கள்?

எனக்குத் துணிச்சல் வந்தது என்று எழுத மாட்டேன். தோளிலிருந்த துண்டை எடுத்து இரு கையாலும் விரித்து அவள் முன்னால் நின்றேன்.

"இங்க இல்ல," என்றாள். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வேலியோரத்தைக் காட்டினாள். அறுவடைக்கு வருகிறவர்கள் கூலி நெல்லுக்கு நிற்கும் இடம். சிறு வயதில் அந்த இடத்துக்கு எதிரே நின்று நான் அளந்து போட்டிருக்கிறேன். அங்கே போய்க் குனிந்து நின்றேன்.

வீட்டு மனிதர்களுக்கு அளந்தால் குவித்து அளப்பார்கள். கூலிக்குத் தலைதட்டுவார்கள். அண்ணி படியில் அரிசியை முகந்து, விரலால் வழித்துத் தலைதட்டி, என் கை படாத உயரத்திலிருந்து துண்டில் கொட்டினாள். பிறகு மூத்தவரைத் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் பாத்தீங்கல்ல?" என்று கேட்டாள். மூத்தவர் மட்டும், "பாத்தோம்மா," என்றார்.

நாவிதர் தன் பெட்டியை மூடினார்.

பாடைக்கு முன்னால் கொள்ளிச் சட்டியைத் தூக்கி நடந்தேன். ஏரிக்கரைச் சுடுகாட்டில் குடத்தைச் சுமந்து சுற்றி வந்தேன், உடைத்தேன், திரும்பி நின்று நெருப்பு வைத்தேன். எதுவும் கழுவப்பட்டதாகத் தோன்றவில்லை. புகை கண்ணில் பட்டது. முதுகுக்குப் பின்னால் கட்டை பற்றும் சத்தம் கேட்டதும், திரும்பிப் பாராமல், குளிக்கப் போகிற பங்காளிகளோடு சேராமல், சாலைக்கு வந்து பஸ் ஏறினேன். கண்டக்டர், "மூட்டை இன்னா சார், அரிசியா? காலடில வெச்சுக்கோ," என்றார்.

மனைவி துண்டை வாங்கிப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். "இதை என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"பொங்கு."

"சாவு வீட்டு அரிசி."

"கூலி. தின்னாதான் கூலி. கொட்டிட்டா நான் வேஷம் போட்டதா ஆயிடும்."

அவள் உலை வைத்தாள். மகளுக்கு மட்டும் வேறு அரிசியில் வடித்தாள். அதை நான் தடுக்கவில்லை. நாங்கள் இருவரும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம்.

தம்பி சொன்னபடியே செய்தான். அதன் பிறகு பல ஆண்டுகள் எனக்குப் பரோல் இல்லை. மனைவி சில முறை வந்து கம்பிக்கு அப்பால் நின்று ஊர்ச் செய்தி சொன்னாள். தம்பி நிலத்தில் உரிமை கேட்டுப் பங்காளிகளைக் கூட்டினானாம். மூத்தவர் படுத்த படுக்கையிலிருந்து ஆள் அனுப்பி, "மூத்தவன் கூலி வாங்கிட்டான், அதுக்குப் பின்னால சின்னவனுக்கு இன்னா பேச்சு," என்று சொல்லிவிட்டாராம். பெரியப்பா பாகத்தின் பட்டா அண்ணி பெயருக்கும் அவள் மகள் பெயருக்கும் மாறியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விடுதலையாகிப் பம்மலுக்கே வந்தேன். படித்த படிப்புக்கு யாரும் வேலை தரவில்லை. ஒரு பட்டறையில் சரக்கு வருவதையும் போவதையும் எழுதினேன். அங்கேதான் ஒருநாள் ஒரு நிலப் புரோக்கர் என்னைத் தேடி வந்தார். அண்ணி தன் மகள் கல்யாணத்துக்காக ஒரு பகுதியை மனை போட்டு விற்கிறாளாம். வாங்குகிறவர் எச்சரிக்கையானவராம். பங்காளி ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் நல்லது என்றாராம்.

"உங்களக் கேக்கலாம்னு பார்ட்டிகிட்ட சொன்னேன் சார். ஆனா அந்தம்மா ஒத்துக்கலை. ஏதோ ஒரு வார்த்தை சொன்னாங்க. நீங்க நேர்ல பேசினா..."

"என்ன சொன்னாங்க?"

அவர் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அவரு பங்காளி இல்ல, கூலிக்கு வந்தவரு, அவர் கையெழுத்து எதுக்குன்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க," என்றேன். "நான் கையெழுத்துப் போட முடியாது. வாங்கறவர்கிட்ட இதையே சொல்லுங்க, போதும்."

அவர் போனார். அந்த மனை விற்றது என்றும், கல்யாணம் நடந்தது என்றும் பிறகு கேள்விப்பட்டேன். பெரியப்பா கேட்டது மகன் செய்ய வேண்டிய காரியம். நான் செய்தது கூலிக்காரன் செய்த காரியம். அவர் வார்த்தையை நிறைவேற்றினேனா என்று இந்த வயதிலும் தெரியவில்லை. அண்ணிக்குத் தெரிந்திருக்கலாம். கேட்கும் உரிமை எனக்கில்லை.